நூலகரிடம் எவ்வளவு கேட்பது? முறைசார் தேடலில் இறங்கும் முன்

நாங்கள் மூன்று பேர் எட்டு மாதம் உழைத்து எழுதிய ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுக்கும் கட்டுரை) இதழிலிருந்து திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் நீளமாக எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு தரவுத்தளத்திலும் இட்ட தேடல் வரியை அப்படியே, தேடிய தேதியோடு, பின்னிணைப்பாகத் தரச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். எங்களிடம் அது இல்லை. என்னென்ன சொற்களைப் போட்டோம் என்பது குத்துமதிப்பாக நினைவிருந்தது. எந்த வரிசையில், எந்த வடிகட்டியை வைத்து, என்றைக்கு என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம். மறுபடி போட்டுப் பார்த்தபோது வந்த எண்ணிக்கைக்கும் கட்டுரையில் எழுதியிருந்த எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் தேடலை முதலிலிருந்து செய்தோம், இந்த முறை ஒரு நூலகரைச் சேர்த்துக்கொண்டு.

அதிலிருந்து ஆய்வு மாணவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: லைப்ரரியில் உதவி கேட்க வேண்டுமா, நாமே செய்துகொள்ளலாமா? கேள்வியே கொஞ்சம் தப்பு. நூலக உதவி என்பது ஒற்றைப் பொருள் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதும் நூலக உதவிதான். நூலகர் ஒரு வருடம் உங்கள் குழுவிலேயே இருந்து கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்வதும் நூலக உதவிதான். இரண்டுக்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் நிற்பது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு உண்மையில் முறைசார் தேடல் தேவையா? ரிவ்யூ என்ற பெயரில் பல வகைகள் புழங்குகின்றன. 2009இல் கிராண்டும் பூத்தும் எழுதிய கட்டுரை 14 வகைகளைப் பட்டியலிட்டது. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்னோர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதுவதுதான் வேலை என்றால், முக்கியமான கட்டுரைகளைப் பிடித்து, அவற்றின் மேற்கோள்களைப் பின்தொடர்ந்து போனாலே போதும். யாரும் உங்களிடம் தேடல் வரி கேட்கப் போவதில்லை. ஆனால் தலைப்பில் 'சிஸ்டமேட்டிக்' என்றோ 'ஸ்கோப்பிங்' (ஒரு தலைப்பில் என்னென்ன ஆய்வுகள் இருக்கின்றன என்று அளந்து பார்ப்பது) என்றோ போட்டுவிட்டால் கதை வேறு. வேறொருவர் அதே தேடலைப் போட்டால் அதே கட்டுரைகள் வர வேண்டும். "இந்தக் கட்டுரை ஏன் உங்கள் பட்டியலில் இல்லை?" என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். பிரிஸ்மா 2020 என்கிற அறிக்கை நெறிமுறையில் 27 அம்சங்கள். அதில் தேடலுக்கென்றே 2021இல் வந்த துணை நெறிமுறையான பிரிஸ்மா-எஸ்ஸில் 16 அம்சங்கள். எங்களைத் திருப்பி அனுப்பிய அந்த ஒரு வரிக் குறிப்பு இந்தப் பதினாறில் இரண்டைத்தான் கேட்டது.

சரி, நாமே செய்தால் என்ன ஆகும்?

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தொடங்குகிறோம். இலவசம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், தலைப்பு நமக்கு அத்துப்படி. கடைசிக் காரணம்தான் ஆளைக் கவிழ்ப்பது. எங்கள் தலைப்பு செவிலியர்களின் பணிச்சோர்வு. நர்ஸ் என்ற சொல்லின் எல்லா வடிவங்களும் வரட்டும் என்று, அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளைப் போட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்தோம். நர்சிங், நர்சஸ் எல்லாம் வந்தன. கூடவே நர்சரிப் பள்ளிகளும், பாலூட்டும் தாய்மார்களும், நர்சிங் ஹோமில் இருக்கும் முதியவர்களும் வந்து சேர்ந்தார்கள். இது பரவாயில்லை, வேண்டாதது வந்தால் தூக்கிப் போடலாம். வேண்டியது வராமல் போனால் அது வரவில்லை என்பதே தெரியாது.

பணிச்சோர்வுக்கு 'பர்ன்அவுட்' என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் நம்பியதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. பணிச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் மாஸ்லாக் அளவுகோல் 1981இல் வந்தது. அதன் முக்கிய அங்கங்களில் ஒன்று 'எமோஷனல் எக்ஸாஷன்', அதாவது உணர்வு வறட்சி. நிறையப் பேர் அதை மட்டும் அளந்துவிட்டு, தலைப்பிலும் சுருக்கத்திலும் அந்தச் சொல்லையே எழுதியிருப்பார்கள். பர்ன்அவுட் என்ற சொல் கட்டுரையின் உடலில் எங்கேயாவது இருக்கும். தேடல் அங்கே எட்டாது. தலைப்பு அத்துப்படி என்று சொன்ன எங்களுக்கு இது தெரியாதா? தெரியும். தேடும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடைப்புக்குறி விஷயம் இன்னும் மோசம். 'நர்ஸ் ஆர் (OR) நர்சிங் ஆண்ட் (AND) பர்ன்அவுட்' என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுகிறோம் என்று வையுங்கள். மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தரவுத்தளமான பப்மெட் இதை இடமிருந்து வலமாகப் படிக்கும்: முதல் இரண்டில் ஏதாவது ஒன்று, அதோடு பர்ன்அவுட். நாம் நினைத்ததும் அதுதான். அதே வரியை வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் ஒட்டினால், அது 'ஆண்ட்' என்ற இணைப்பை முதலில் கவனிக்கும். நர்சிங்கும் பர்ன்அவுட்டும் சேர்ந்தவை ஒரு பக்கம், நர்ஸ் என்று வரும் எல்லாக் கட்டுரைகளும் இன்னொரு பக்கம். திரையில் மலை போல எண்ணிக்கை வந்து நிற்கும். "இந்தத் தரவுத்தளம் ரொம்பப் பெரியது போல" என்று சொல்லிக்கொண்டே நாங்கள் ஆண்டு வாரியாகக் குறைக்க ஆரம்பித்தோம்!

இதெல்லாம் புதியவர்கள் செய்யும் தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. சாம்ப்சனும் மெக்கவனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், காக்ரேன் ரிவ்யூக்களில் இருந்த 63 மெட்லைன் (பப்மெட்டின் மையப் பகுதி) தேடல் உத்திகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். 90.5 சதவீதத்தில் குறைந்தது ஒரு பிழை. 82.5 சதவீதத்தில், வர வேண்டிய கட்டுரையைத் தவறவிடக்கூடிய பிழை. காக்ரேன் என்பது இந்தத் துறையில் கறாருக்குப் பேர் போன அமைப்பு.

தவறவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்களுக்கு 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்ததைச் சொல்வேன். ஆஸ்துமா ஆராய்ச்சி ஒன்றில் ஆரோக்கியமான 24 வயதுப் பெண் தன்னார்வலராகச் சேர்ந்து, ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். நுரையீரல் பழுதாகி இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் தேடிய பப்மெட் அப்போது 1966 வரைதான் பின்னோக்கிப் போனது. அந்தச் சம்பவத்தில் வேறு குறைகளும் இருந்தன, தேடலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தரவுத்தளம் எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறது என்று கேட்பது நூலகருக்கு அனிச்சைச் செயல். நமக்கு அப்படி இல்லை.

கூகுள் ஸ்காலர் பற்றி ஒரு பத்தி சொல்லியே ஆக வேண்டும். "அதில் எல்லாமே இருக்கிறதே" என்பார்கள். இருக்கலாம், ஆனால் முதல் 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. நீளமான தேடல் வரியை ஏற்காது. இன்றைக்கு வந்த வரிசை நாளைக்கு வரும் என்று நம்ப முடியாது. பிராமர் குழு 2017இல் சோதித்தபோது எம்பேஸ் (இன்னொரு மருத்துவத் தரவுத்தளம்), மெட்லைன், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் நான்கும் சேர்ந்த கூட்டணி, எடுக்க வேண்டிய கட்டுரைகளில் 98.3 சதவீதத்தைப் பிடித்தது. ஆக ஸ்காலர் நல்ல நான்காவது ஆள். தனியாக அனுப்பக் கூடாது.

ஒரு மணி நேர ஆலோசனை

நூலகத்தின் பயிற்சி வகுப்பு, காணொலி, வழிகாட்டிப் பக்கம் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதலில் பார்த்துவிடுங்கள். நட்சத்திரக் குறி எதற்கு, மேற்கோள் குறி எதற்கு என்று தெரிந்துகொண்டு போனால், நேரில் கிடைக்கும் ஒரு மணி நேரம் அரிச்சுவடியில் போகாது.

தனி ஆலோசனைதான் பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் மாணவர்களுக்குத் தருவது. வழக்கமாகக் கட்டணம் இருக்காது. நூலகர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கேள்வியைப் பிரித்து, சொற்களை யோசித்து, ஒரு தரவுத்தளத்தில் எப்படிக் கட்டுவது என்று காட்டுவார். மீதியை நீங்கள்தான் செய்ய வேண்டும். இது குறைவான உதவி போலத் தெரியும். போன விதத்தைப் பொறுத்து இது மிகப் பெரிய உதவியாகவும் இருக்கும், வெட்டியாகவும் போகும்.

நான் முதல் தடவை வெறுங்கையோடு போனேன். "செவிலியர் பணிச்சோர்வு பற்றித் தேட வேண்டும்" என்றேன். எந்த மாதிரி செவிலியர், எந்த நாட்டில், காரணம் வேண்டுமா தீர்வு வேண்டுமா என்று கேட்டார். நானும் என் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நேரம் முடிந்துவிட்டது. நூலகர் மேல் தப்பே இல்லை. கேள்வி எங்களிடமே இல்லை.

இரண்டாம் தடவை, கட்டுரை திரும்பி வந்த பிறகு, ஒழுங்காகப் போனேன். கையில் நான்கு விஷயங்கள்: ஒரே வாக்கியத்தில் ஆய்வுக் கேள்வி, எதைச் சேர்ப்போம் எதை விடுவோம் என்ற பட்டியல், கெடு தேதி, அப்புறம் ரிவ்யூவில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எட்டுக் கட்டுரைகள். அந்த எட்டுதான் வித்தை காட்டியது. நூலகர் எங்கள் பழைய தேடலைப் போட்டார். பிறகு எட்டுக் கட்டுரைகளின் பப்மெட் எண்களையும் ஆர் போட்டு இணைத்து, தேடலோடு ஆண்ட் செய்தார். எட்டு வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. "மீதி மூணை உங்க தேடல் ஏன் பிடிக்கல, பார்த்தீங்களா?" என்றார். ஒன்று உணர்வு வறட்சி விவகாரம். இரண்டாவதை நாங்கள் போட்டிருந்த மொழி வடிகட்டி விழுங்கியிருந்தது. மூன்றாவதில்தான் நான் புதிதாக ஒன்று கற்றேன்.

பப்மெட்டில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு மெஷ் என்ற பொருள் தலைப்புகளை ஒட்டுவார்கள். கட்டுரையாளர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் தலைப்பு ஒன்றாக இருக்கும் என்பது அதன் பயன். நாங்கள் 'நர்சஸ்' என்ற தலைப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். அந்தக் கட்டுரைக்கு ஒட்டியிருந்ததோ 'நர்சிங் ஸ்டாஃப், ஹாஸ்பிட்டல்'. மெஷ் மரத்தில் இரண்டும் வேறு வேறு கிளை. ஒன்றைப் பிடித்தால் மற்றது வராது. அரை மணி நேரத்தில் எங்கள் எட்டு மாத வேலையில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டது.

அதனால் என் கணக்கு இது: ஒரு மணி நேர ஆலோசனையை ஒரே தடவையாக வாங்காதீர்கள். இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். கேள்வி முடிவானதும் ஒரு தடவை. நீங்களே வரைவுத் தேடலைக் கட்டி, தெரிந்த கட்டுரைகளை வைத்துச் சோதித்த பிறகு இன்னொரு தடவை. முனைவர் பட்ட மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆய்வேட்டின் வேலை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதால் பல நூலகங்கள் மாணவர்களுக்காகத் தேடலைச் செய்து தருவதில்லை, சொல்லித்தான் தரும். அது நியாயமும்கூட. வாய்மொழித் தேர்வில் "இந்தச் சொல்லை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால் நூலகர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

வரைவைச் சரிபார்க்க மட்டும் தருவதற்கும் ஒரு முறை உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. பிரெஸ் என்று பெயர். 2015 வழிகாட்டியின்படி இன்னொரு நூலகரோ தேடல் நிபுணரோ உங்கள் உத்தியை ஆறு கோணங்களில் பார்ப்பார்: கேள்வி சரியாகத் தேடலாக மாறியிருக்கிறதா, ஆண்ட்-ஆர் இணைப்புகள், பொருள் தலைப்புகள், இயல்புச் சொற்கள், எழுத்துப்பிழையும் வரி எண்களும், வடிகட்டிகள். தேடலை ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. ஓட்டி, ஆயிரக்கணக்கான சுருக்கங்களைப் படித்து முடித்த பிறகு பிழை தெரிந்தால் அழத்தான் முடியும். நேரம் இல்லை, ஒரே ஒரு உதவிதான் கேட்க முடியும் என்றால் நான் ஆலோசனையைக்கூட விட்டுவிட்டு இதைக் கேட்பேன்.

நூலகர் குழுவில் ஒருவராக

மருத்துவம், பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளில் முழு அளவு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதுவும் இதழில் வெளியிடுவதற்கு என்றால், நூலகரை இணை ஆசிரியராகச் சேர்ப்பதுதான் சரி. காக்ரேன் கையேடும் தொடக்கத்திலிருந்தே தகவல் நிபுணரோடு வேலை செய்யச் சொல்கிறது. ரெத்லெஃப்சென் குழு 2015இல் பொது உள்மருத்துவ இதழ்களின் ரிவ்யூக்களைப் பார்த்தபோது, நூலகர் இணை ஆசிரியராக இருந்தவற்றில் தேடல் உத்தி தரமாக எழுதப்பட்டிருந்தது. நூலகரைச் சேர்க்கும் அளவு கவனமான குழு மற்ற விஷயங்களிலும் கவனமாகத்தான் இருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், வித்தியாசம் வெறும் கவனத்தால் வருவதில்லை என்று சொல்வேன்.

இந்தப் படியில் நூலகர் என்ன செய்வார்? தேடலைக் கட்டி, தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாற்றி எழுதுவார். மெஷ் தலைப்புகள் எம்பேஸில் செல்லாது. அங்கே எம்ட்ரீ என்ற தனிச் சொற்களஞ்சியம், ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்த வேண்டும். குறியீடுகளை மட்டும் மாற்றிக் கொடுக்க பாலிகிளாட் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன, பொருள் தலைப்பை அவை மாற்றித் தராது. பிறகு எல்லாவற்றையும் ஓட்டி, தேதி குறித்து, முடிவுகளை இறக்கி, இரட்டிப்பாக வந்தவற்றை நீக்கி, ரய்யான் மாதிரி சல்லடைக் கருவிக்கு ஏற்ற கோப்பாகத் தருவார். செய்முறைப் பகுதியில் தேடல் பத்தியை அவரே எழுதுவார். எங்கள் நூலகர் குறித்து வைத்த கணக்கு 30 மணி நேரத்தைத் தாண்டியது. ஒரு மாலை நேரத்தில் முடிகிற வேலை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இதற்கு விலை பணமாக இல்லை, இரண்டு வேறு விதத்தில் வரும். ஒன்று காத்திருப்பு. இந்த வேலை தெரிந்த நூலகர்கள் குறைவு, வரிசை நீளம். எல்லா நூலகரும் இதைச் செய்வார் என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் துறைக்கான பொறுப்பு நூலகர் வேறு, முறைசார் தேடலில் பழகியவர் வேறு. "இதுவரை எத்தனை ரிவ்யூவில் வேலை செய்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. இரண்டாவது, பெயர். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் உரிமைக்கு நான்கு நிபந்தனைகள் வைக்கிறது: கணிசமான பங்களிப்பு, எழுதியோ திருத்தியோ இருப்பது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. தேடலை வடிவமைத்து ஓட்டி, அந்தப் பகுதியை எழுதிய நூலகருக்கு முதல் நிபந்தனை தாராளமாகப் பொருந்தும். மற்ற மூன்றுக்கும் நீங்கள் அவருக்கு வரைவை அனுப்பி வாய்ப்புத் தர வேண்டும். ஒரு மணி நேரம் ஆலோசனை தந்தவருக்கு நன்றியுரையில் ஒரு வரி போதும், அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். தேடல் பத்தி ஒட்டப்பட்ட விதத்தைப் பார்த்து, தன் பெயர் இருக்க வேண்டாம் என்று சொன்ன நூலகரும் உண்டு.

பேச்சை முதல் நாளே முடித்துக்கொள்ளுங்கள். 30 மணி நேரம் உழைத்தவரிடம் கடைசியில் "நன்றியுரையில் போட்டுவிடுகிறோம்" என்று சொன்ன குழு ஒன்றை எனக்குத் தெரியும். அடுத்த ரிவ்யூவுக்கு அவர்கள் எழுதிய மின்னஞ்சலுக்கு ரொம்ப நாள் பதில் வரவில்லை.

பணம் கொடுத்தும் செய்யலாமே, எந்திரத்திடமும் கேட்கலாமே

நூலக வசதியே இல்லாத அமைப்பில் இருப்பவர்கள் தனியாகத் தொழில் செய்யும் தகவல் நிபுணர்களை அமர்த்திக்கொள்வதுண்டு. வேலை சுத்தமாக இருக்கும், தேதி தவறாது. எம்பேஸ் போன்ற சந்தாத் தரவுத்தளங்களை அவர் எந்த உரிமத்தில் திறக்கிறார் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேடல் வரிகள் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். முடிவுக் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால், நாங்கள் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள். ஆய்வேட்டுக்கு இந்த வழி வேண்டாம். உங்கள் கைடிடம் கேட்காமல் இறங்கவே வேண்டாம்.

உரையாடல் செயலிகளிடம் தேடல் வரி எழுதச் சொல்வது இப்போது எல்லோரும் செய்வது. நானும் செய்கிறேன். ஒத்த சொற்கள் கேட்க அதற்கு நிகர் இல்லை. உணர்வு வறட்சியை அது முதல் பதிலிலேயே சொன்னது, நாங்கள் அன்றைக்குக் கேட்டிருந்தால் பிழைத்திருப்போம். ஆனால் மெஷ் தலைப்பு கேட்டால் இல்லாத ஒன்றைக்கூட இருப்பது போலவே எழுதித் தரும், அதுவும் கமா, பன்மை எல்லாம் சரியாகப் போட்டு. ஒவ்வொன்றையும் மெஷ் தரவுத்தளத்தில் போட்டுப் பார்க்காமல் பயன்படுத்த முடியாது. அதே கேள்வியை நாளைக்குக் கேட்டால் வேறு வரி வரும் என்பதால், 'செயலி தந்த தேடல்' என்று எழுதிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. சுருக்கங்களைச் சலிக்க உதவும் ஏஎஸ்ரிவ்யூ போன்ற கருவிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை தேடிக் கிடைத்ததை வரிசைப்படுத்தும். தேடலில் விழாத கட்டுரையை அவற்றால் கொண்டுவர முடியாது.

எதை எடுப்பது?

நேரம் கணக்கில் வராமல் இந்த முடிவை எடுக்க முடியாது. ரிவ்யூக்களை முன்கூட்டியே பதிவு செய்யும் தளமான பிராஸ்பெரோவில் பதிவான 195 ரிவ்யூக்களைப் பார்த்த 2017 ஆய்வு ஒன்றில், பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67.3 வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு வருடத்துக்கு மேல் போகும் வேலையில், நூலகருக்காக மூன்று வாரம் காத்திருப்பது தாமதமே இல்லை. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நூலகத்துக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் நூலகரால் செய்ய முடிந்தது ஏற்கெனவே உடைந்ததை அடையாளம் காட்டுவது மட்டும்தான்.

சாதாரண ஆய்வேட்டு அத்தியாயம் என்றால் நீங்களே செய்யுங்கள், வழிகாட்டிப் பக்கத்தைப் படித்துவிட்டு. ஆய்வேட்டின் பகுதியாக ஸ்கோப்பிங் ரிவ்யூ என்றால் இரண்டு தடவை ஆலோசனை, கூட பிரெஸ் சரிபார்ப்பு. குழுவாகச் செய்யும் சுகாதார ரிவ்யூ, வெளியீடுதான் இலக்கு என்றால் ரிவ்யூவின் செயல்திட்டத்தை (புரோட்டோகால்) எழுதும் முன்பே நூலகரைக் கூப்பிடுங்கள், ஆசிரியராக. பிராஸ்பெரோவில் பதியும்போது எந்தத் தரவுத்தளங்களைத் தேடுவீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும். அதை எழுதிவிட்டு நூலகரிடம் போனால் அவர் முதலில் மாற்றச் சொல்வதே அதைத்தான். கல்வி, சமூக அறிவியல் துறைகளில் இருப்பவர்களுக்கு மெஷ் அவ்வளவு பயன்படாது. அங்கே சொற்கள் இன்னும் சிதறிக் கிடக்கும், எரிக், சைக்இன்ஃபோ என்று தரவுத்தளங்களும் வேறு. அதனாலேயே அவர்களுக்கு நூலகர் இன்னும் அதிகம் தேவை என்பேன், ஆனால் பழக்கம் என்னவோ மருத்துவத் துறையில்தான் வேரூன்றியிருக்கிறது.

நூலகரிடம் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் மூத்தவர்கள் உண்டு. "பிஎச்டி பண்றவனுக்குத் தேடத் தெரியாதா?" என்று என் முன்னாலேயே ஒருவர் கேட்டார். புள்ளியியல் நிபுணரிடம் போகும்போது அவர் அப்படிக் கேட்டதில்லை.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு வேலையை யாருக்கும் விட்டுவிடாதீர்கள்: தேடலை ஓட்டிய அன்றே, வரியைத் திரையிலிருந்து அப்படியே நகலெடுத்து, தரவுத்தளத்தின் பெயர், எந்தத் தளம் வழியாகத் திறந்தோம், தேதி, வந்த எண்ணிக்கை ஆகியவற்றோடு ஒரு கோப்பில் ஒட்டி வைப்பது. பப்மெட்டில் நீங்கள் தட்டச்சு செய்ததை மட்டும் நகலெடுக்காதீர்கள். வெறும் சொல்லாகப் போட்டால் அது தானாகவே பொருள் தலைப்புகளையும் சேர்த்துக்கொள்ளும். உண்மையில் எதைத் தேடியது என்பது 'சர்ச் டீடெயில்ஸ்' பகுதியில் இருக்கும். மேற்கோள் குறி போட்டால் அந்தச் சேர்க்கை நடக்காது. இரண்டுக்கும் எண்ணிக்கை வேறு வேறாக வரும்.

எங்கள் கட்டுரையை இரண்டாம் தடவை அனுப்பியபோது பின்னிணைப்பு ஆறு பக்கம் இருந்தது. மதிப்பீட்டிலும் பல வாரங்கள் போக, தேடலை ஓட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, புதுப்பித்துத் தாருங்கள் என்று இதழ் கேட்டது. காக்ரேன் தரநெறியும் வெளியீட்டுக்கு முந்தைய 12 மாதத்துக்குள் தேடல் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறது. முன்பு என்றால் தலையில் கை வைத்திருப்போம். நூலகர் கோப்பைத் திறந்தார், வரிகளை ஒட்டினார், தேதியை மாற்றினார். மதியச் சாப்பாட்டுக்கு முன் புதிய பட்டியல் எங்கள் கையில் இருந்தது. படிக்கத்தான் பத்து நாள் ஆனது.